கடித்தால் கதை முடிந்துவிடும்

சிதம்பரம்,
12-6-1966

அன்புத் தங்கை சர்புன்னிசாவுக்கு அண்ணன் அப்துல் ஹக் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அண்ணி சலீமாவும் சுகம். அவளுடைய முழங்கால் வலி மட்டும் என் பென்ஷனைப் போல மாதம் தவறாமல் வருகிறது. கடலூரில் நீயும் பிள்ளை சுல்தானாவும் எப்படி இருக்கிறீர்கள்?

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாள் சுகாதாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இனிப்பு பல்லைக் கெடுக்கும் என்று கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து தேவநாதன் என்ற பையன் எழுந்தான். "சார், தித்திப்பு பல்லுக்கு ஆவாதுன்னா, நாக்கையும் பல்லையும் எதுக்கு சார் ஒரே ஊட்ல குடி வெச்சாங்க?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன்.

அந்த தேவநாதன்தான் இப்போது உங்கள் ஊர் மஞ்சக்குப்பத்தில் பல் டாக்டராக இருக்கிறான். பதிலை அவனே தேடிக்கொள்ளக் கிளம்பிவிட்டான் போலிருக்கிறது.

இது ஏன் நினைவுக்கு வந்தது என்றால், போன வாரம் பரங்கிப்பேட்டைக் கல்யாணத்தில் சுல்தானாவைக் கவனித்தேன். பந்தியில் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக மென்றாள். "அந்தப் பக்கம் வலிக்குதாம்மா?" என்றால் தலையை மட்டும் ஆட்டினாள், வாயைத் திறக்கவில்லை. முன்பற்கள் ஓரத்தில் கறுத்திருக்கின்றன. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது நல்லதல்ல. தேவநாதனிடம் காட்டு. என் பெயரைச் சொல்.

பினாங்கிலிருந்து மச்சான் கடிதம் போட்டாரா? வரும் பெருநாளைக்கு ஊர் வருவதாகச் சொன்னாரே, கப்பல் எப்போது? பிள்ளைக்கு என் முத்தம்.

அன்புடன்,
அப்துல் ஹக்


கடலூர் முதுநகர்,
25-6-1966

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு சர்புன்னிசா சலாம் சொல்லி எழுதுவது. உங்கள் துஆவால் நாங்கள் நலம். அண்ணியின் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போனோம். உங்கள் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். "சார் என்னைய இன்னமும் கடைசி பெஞ்சுலதான் வெச்சிருக்காரா?" என்று கேட்டார். பிறகு சுல்தானாவை நாற்காலியில் ஏற்றி, "வாயத் தொற பாப்பா, உள்ள சிங்கம் இருக்கான்னு பாப்போம்" என்றார். "சிங்கம் இல்ல, ஓட்டைதான் இருக்கு" என்றாள் உங்கள் மருமகள்.

முன்பற்களைப் பற்றிக் கவலை இல்லையாம், பால் பற்கள்தானாம். ஆனால் பின்னால் விரலை விட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இந்தக் கடைசிப் பல்லு விழுவாதும்மா. ஆறு வயசுல சத்தமில்லாம வந்து பின்னால குந்திக்கும். எந்தப் பல்லும் விழாம மொளைக்கிறதால இதையும் பால் பல்லுன்னு எல்லாரும் வுட்டுடுறாங்க. பாப்பா பாட்டியாவுற வரைக்கும் இதாலதான் மெல்லணும்" என்றார். பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் அக்காவும் நானும் "விழுந்து மொளைக்கிற பல்லுதானே" என்றுதான் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம்.

வலது பக்கத்துப் பல்லைச் சுத்தம் செய்து மருந்து வைத்து அடைத்துவிட்டார். இடது பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. அது ஆழமாகப் போனால் பல்லைப் பிடுங்க வேண்டி வரலாமாம். "கெடுதல் எங்கேருந்து வருதுன்னு கண்டுபுடிங்க, அத நிறுத்துங்க" என்றார். வெளியில் எதுவும் வாங்கித் தருவதில்லை என்று சொன்னேன். அது உண்மைதான் அண்ணே.

மற்றபடி இங்கே எல்லாம் வழக்கம்போல.

சர்புன்னிசா


சிதம்பரம்,
3-7-1966

அன்புத் தங்கைக்கு ஸலாம். நல்லெண்ணெய் வேலை செய்கிறது. உன் அண்ணி நேற்றுக் கடைத்தெரு வரை போய்வந்து என்னை ஆச்சரியப்படுத்தினாள்.

அந்தக் கறுப்புப் புள்ளிதான் என் கண்ணிலேயே நிற்கிறது. கெடுதல் எங்கிருந்து வருகிறது என்று நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போம். முதலில் பல்பொடி. கடையில் விற்கும் ரோஸ் நிறப் பொடியா? என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அதில் பல் தேய்க்கமாட்டார்கள், உள்ளங்கையில் கொட்டி நக்கிவிட்டு வருவார்கள். வாயோரம் ரோஸாக இருப்பதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். அடுத்தது பள்ளிக்கூட வாசல். கமர்கட்டும் ஆரஞ்சு மிட்டாயும் விற்கிறவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அவள் கையில் காசு இருக்கிறதா? பாலில் எவ்வளவு சர்க்கரை போடுகிறாய்? காலையிலிருந்து இரவு வரை வாய்க்குள் போவதையெல்லாம் நினைத்துப் பார்த்து எழுது.

போன கடிதத்தில் ஒரு கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மச்சான் சுகமா?

அப்துல் ஹக்


கடலூர் முதுநகர்,
28-8-1966

அண்ணன் அவர்களுக்கு ஸலாம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலைதான்.

பல்பொடியை நிறுத்திவிட்டேன். இப்போது உப்பும் உமிக்கரியும். காசு கொடுப்பதில்லை. பாலில் சர்க்கரையைக் குறைத்துவிட்டேன். தெருவில் எந்தப் பிள்ளையை விடவும் சுல்தானா இனிப்புக் குறைவாகத்தான் தின்கிறாள். "உன்னாட்டம் கட்டுப்பாடா புள்ள வளக்க நம்மால ஆவாதும்மா" என்று தில்லையம்மாள் அக்காவே சொல்கிறார்கள்.

போன வாரம் அவளுடைய வாப்பாவுக்கு அனுப்புவதற்காகப் படம் எடுக்கப் போனோம். ஸ்டுடியோக்காரர் பொம்மையை ஆட்டினார், மியாவ் என்று கத்தினார், தலைகீழாகக் கூடக் குனிந்து பார்த்தார். சுல்தானா உதட்டைத் திறக்கவே இல்லை. "சிரிச்சா கறுப்புப் பல்லு வாப்பாவுக்குத் தெரிஞ்சிடும்" என்று என் காதில் சொன்னாள். படத்தில் சம்பந்தம் பேச வந்த பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

படத்தை நான் அனுப்பவில்லை.

தீபாவளி லீவில் அவளை உங்களிடம் அனுப்புகிறேன். தெரிந்தவர்கள் ரயிலில் அந்தப் பக்கம் வருகிறார்கள். அண்ணிக்கு என் ஸலாம்.

சர்புன்னிசா


சிதம்பரம்,
17-11-1966

அன்புள்ள சர்புன்னிசாவுக்கு ஸலாம். சுல்தானா பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். அவள் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லாமல் நானும் உன் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தீபாவளிக்கு அண்டை வீடுகளிலிருந்து அதிரசமும் லட்டும் தட்டுத்தட்டாக வந்தன. சுல்தானா சோற்றோடு ஒன்று தின்றாள், போதும் என்றாள். நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறாய் என்று உன்னை மனதுக்குள் பாராட்டினேன். ராத்திரிப் பாயை விரித்ததும் அவள் உன் அண்ணியிடம் போய், "மாமி, பாக்குவெட்டி எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"ஏண்டி, ஏழு வயசுலயே வெத்தில போடப் போறியா?"

"வாப்பா முட்டாய நறுக்கணும் மாமி. பாதி இன்னிக்கி, பாதி நாளைக்கி."

கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பினாங்கு டாபி. எப்போது தின்பாய் என்று கேட்டேன். "படுத்துக்கிட்டுதான். அது கரையிற வரைக்கும் உம்மா வாப்பா கதை சொல்வாங்க. கடிக்கக் கூடாது மாமா. கடிச்சா கதை முடிஞ்சிடும்" என்றாள்.

சர்புன்னிசா, நான் உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன். நம் பழைய வீட்டுச் சுவரை நினைத்துப் பார். கல்யாணத்தன்று சமையல்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீரை அதில் வீசியடித்துக் கழுவினார்கள். மறுநாள் வெயிலில் காய்ந்துவிட்டது, சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஓடு விலகிய மூலையில் மழைக்காலம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்கியதே, அந்த மூலைதான் இற்றுப்போய்ச் சரிந்தது. பல்லும் அப்படித்தான் என்று, நான் கேட்டதற்குத் தேவநாதன் பதில் எழுதியிருக்கிறான். பகலில் ஒரு பிடி தின்று கொப்பளித்துவிட்டால் எச்சில் மிச்சத்தைக் கழுவிவிடுமாம். தூங்கும்போது வாயில் எச்சில் ஊறுவது குறைவாம். கடைவாயில் ஒட்டிய பாதி டாபி விடியும்வரை பல்லை அரித்துக்கொண்டிருக்குமாம். சிக்கனமாகக் கொடுப்பதாக நினைத்து நீ சொட்டுச் சொட்டாக இறக்கியிருக்கிறாய்.

அன்றைக்கு டாபியை வாங்கி வைத்துவிட்டேன். உதடு பிதுங்கியது. "மாமா ஒரு கதை சொல்லட்டுமா?" என்றேன். "ஒங்களுக்கு வாப்பாவத் தெரியுமா?" என்றாள் சந்தேகமாக. நீச்சல் தெரியாத மச்சான், முதல் தடவை கப்பலேறுகிற அன்று இடுப்பில் இரண்டு தேங்காயைக் கட்டிக்கொண்டு போனாரே, அதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தூங்கிவிட்டாள். வாயைத் திறந்து சிரித்தாள்.

மச்சானைப் பற்றி இனிக் கேட்கமாட்டேன். நீயாகச் சொல்.

அப்துல் ஹக்


கடலூர் முதுநகர்,
19-12-1966

அண்ணன் அவர்களுக்கு ஸலாம். நோன்பு தொடங்கிவிட்டது. சுல்தானா அரை நோன்பு பிடிக்கிறாள். நாங்கள் சுகம்.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அந்த டாபி இருக்கும் கப்பல் படம் போட்ட டின் போன பெருநாளைக்கு வந்தது. அதோடு வந்த கடிதம்தான் கடைசிக் கடிதம். அதற்குப் பிறகு ஒரு வரி வரவில்லை. நான் போட்ட கடிதங்களுக்கும் பதில் இல்லை. அங்கிருந்து வந்த ஒருவரிடம் கேட்டால், "பாத்தேம்மா, நல்லாதான் இருக்காப்ல" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். மேற்கொண்டு கேட்கப் பயமாக இருந்தது.

பாக்குவெட்டியில் பாதியாக நறுக்கியது பல்லுக்காக இல்லை அண்ணே. டின் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காக. அடுத்த டின் வருமா என்று எனக்குத் தெரியாது. அது காலியானால் "வாப்பா எங்க?" என்பாள். என்ன சொல்வேன்? டாக்டர் கேட்டபோதும் அதனால்தான் டின்னைப் பற்றிச் சொல்லவில்லை. இடது பக்கத்துப் புள்ளி கொஞ்சம் பெரிதாகியிருப்பது போலத் தெரிகிறது.

டின்னில் இன்னும் பாதிக்குக் குறைவாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

சர்புன்னிசா


சிதம்பரம்,
23-12-1966

என் அன்புத் தங்கைக்கு ஸலாம். நானும் உன் அண்ணியும் உன் பக்கத்தில் இருக்கிறோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

இரண்டு காரியம் செய். மச்சானுக்கு ஒரு கடிதம் போடு. ஏன் எழுதவில்லை என்று கேட்காதே. எப்போது வருகிறீர்கள் என்றும் கேட்காதே. சுல்தானாவின் பல்லைப் பற்றி மட்டும் எழுது. இனி டின் அனுப்ப வேண்டாம் என்று எழுது.

அவர் மனம் புண்படும் என்று நினைப்பாய். என் வகுப்பில் வீட்டுக் கணக்குப் போடாத பையன் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டான். அடுத்த நாளும் வரமாட்டான். வராத நாள் கூடக்கூட வருவதும் கஷ்டமாகிவிடும். கணக்கைக் கேட்கமாட்டேன், நீ வந்தால் போதும் என்று ஆளனுப்பினால் சாயங்காலமே வந்து நிற்பான். மச்சானுக்கு என்ன கஷ்டமோ எனக்குத் தெரியாது. ஆனால் பெருநாள் தவறாமல் டின் அனுப்பியே பழகிவிட்ட மனிதர் அவர். வெறும் காகிதம் அனுப்ப அவருக்குக் கை வராமல் இருக்கலாம்.

இரண்டாவது, பெருநாளன்று பகலில், சாப்பாடு முடிந்த கையோடு டின்னைக் காலி செய்துவிடு. தெருப் பிள்ளைகளைக் கூப்பிடு. ஆசை தீரக் கடித்துத் தின்னட்டும். பிறகு வாய் கொப்பளிக்கட்டும். தொழுகைக்கு முன் ஒலுச் செய்யும் ஒவ்வொரு தடவையும் மூன்று முறை கொப்பளிக்கிற நமக்கு இதையா சொல்லித்தர வேண்டும்?

துஆவுடன்,
அப்துல் ஹக்


கடலூர் முதுநகர்,
17-1-1967

அண்ணன், அண்ணி இருவருக்கும் பெருநாள் வாழ்த்தும் ஸலாமும். பெருநாளும் பொங்கலும் அடுத்தடுத்து வந்ததில் தெரு முழுக்க ஒரே கூச்சல். எங்களுக்கு உடம்பு சுகம்.

கடிதத்தை நோன்பு இருபத்தேழில் போட்டேன். நீங்கள் சொன்னபடி பல்லைப் பற்றி மட்டும் எழுதினேன்.

பெருநாளன்று நெய்ச்சோறு சாப்பிட்டு முடித்ததும் டின்னை எடுத்தேன். சுல்தானா ஓடிவந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்றாள். தில்லையம்மாள் அக்கா பிள்ளைகளும் எதிர்வீட்டுப் பிள்ளைகளும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். "வுடு சர்பு, புள்ள அழுவுது, நம்ம புள்ளைங்களுக்கு நாளைக்கிப் பொங்கலே இருக்கு" என்றார்கள் அக்கா. நானும் பிடியை விட்டேன். அப்போது சுல்தானாவே கேட்டாள்: "எல்லாருக்கும் குடுத்தா, எல்லாருக்கும் வாப்பா கதை சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"தேங்கா கதை?"

"அதான் மொதல்ல."

டின்னைத் தரையில் வைத்தாள். நான் இடுப்பில் முந்தானையை முடிச்சுப் போட்டுத் தேங்காய் கட்டியது போல நடந்து காட்டினேன். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். தில்லையம்மாள் அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, "ஒன் ஊட்டுக்காரரு கப்பல்ல போனாரா, பச்சடி பண்ணப் போனாரா?" என்றார்கள். பிள்ளைகளெல்லாம் டாபியைக் கடக்முடக்கென்று கடித்தார்கள். சுல்தானா மட்டும் வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "கடிம்மா, கதை முடியாது" என்றேன். மெதுவாகக் கடித்தாள். நான் கதையை நிறுத்தவில்லை.

பிறகு கிணற்றடியில் எல்லாரும் கொப்பளித்தார்கள். யார் தண்ணீர் தூரமாய்ப் போகிறது என்று போட்டி. சுல்தானாதான் ஜெயித்தாள். முன்பல் விழுந்திருந்த சந்து வழியாகப் பீச்சினால் யார் ஜெயிக்க முடியும்?

ராத்திரி படுத்ததும், "முட்டாய் இல்லன்னா கதை எப்ப முடியும்?" என்று கேட்டாள். "நீ தூங்குறப்ப" என்றேன்.

டின்னைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். காலி டின்னைப் பார்த்தால் பயமாக இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவு இல்லை.

சர்புன்னிசா


பினாங்கு,
16-2-1967

அன்பு மச்சான் அப்துல் ஹக் அவர்களுக்கு நஸ்ருதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் காவலில் உயிரோடு இருக்கிறேன். உங்கள் முகத்தில் விழிக்கத் தகுதியில்லாமல் எழுதுகிறேன்.

போன பெருநாளைக்கு டின் அனுப்பிய கொஞ்ச நாளில் முதலாளி கடையை விற்றுவிட்டார். இப்போது துறைமுகத்துக் கிட்டங்கியில் மூட்டை எண்ணுகிறேன். உங்கள் தங்கை கடிதம் போடும்போதெல்லாம் பதில் எழுத உட்காருவேன். அடுத்த பெருநாளைக்கு டின் வாங்க வழி செய்துகொண்டு எழுதலாம் என்று மடித்து வைத்துவிடுவேன். நம் பக்கத்து ஆட்கள் யாராவது பெருநாளைக்கு வெறும் காகிதம் அனுப்பியிருக்கிறார்களா, சொல்லுங்கள்.

சர்புன்னிசாவிடமிருந்து கடிதம் வந்தது. "டின் அனுப்பாதீர்கள், பிள்ளைக்குப் பல் கெடுகிறது" என்று எழுதியிருந்தாள். அதை மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் இருந்த ஆள், "என்ன பாய், ஊட்ல எதாவது துக்கமா, இப்படி அழுவுறீங்க?" என்றான். "இல்லப்பா, சந்தோஷம்" என்றேன். அன்றைக்கே அவளுக்கும் பதில் எழுதிவிட்டேன்.

மழைக்கு முன்னால் வரும் கப்பலில் வரப் பார்க்கிறேன். கை வெறுமையாகத்தான் வருவேன், மச்சான். சுல்தானா சிரிக்கிற படம் ஒன்று வேண்டும். பல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தத் தேங்காய் விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

நஸ்ருதீன்


சிதம்பரம்,
9-3-1967

அன்புத் தங்கை சர்புன்னிசாவுக்கு ஸலாம். நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் சுகம் என்பதற்கு இந்தத் தடவை படமே சாட்சி.

நீ அனுப்பிய படத்தை மாடத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். வாய் நிறையச் சிரிக்கிறாள். முன்னால் சந்து, அதற்குள் அரிசி முனை போல ஒரு புதுப் பல். பினாங்குக்கும் இதே படம் போயிருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மச்சான் ஒரு விஷயத்தை மறைக்கச் சொல்லியிருக்கிறார். முதுநகர் முழுக்கத் தெரிந்துவிட்டது என்று பதில் போட்டிருக்கிறேன்.

தேவநாதனிடமிருந்து கார்டு வந்தது. இடது பக்கத்துப் புள்ளி அப்படியே நின்றுவிட்டதாம், இப்போதைக்குத் தொட வேண்டியதில்லையாம். "நாக்கையும் பல்லையும் ஏன் ஒரே வீட்டில் வைத்தார்கள் என்று தெரிந்துவிட்டதா?" என்று கேட்டு எழுதியிருந்தேன். "எனக்கும் தெரியல சார். ஆனா ரெண்டும் சண்டை போடாம இருக்க வழி இருக்குன்னு ஒங்க தங்கச்சி காட்டிட்டாங்க" என்று எழுதியிருக்கிறான். கடைசி பெஞ்சுக்காரன் இப்போதும் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. ஆனால் மார்க் போட்டுவிட்டேன்.

பக்ரீத் நெருங்குகிறது. தெருவில் மறுபடியும் தட்டுகள் நடமாடும். வேண்டாம் என்று சொல்லாதே, பகலில் சோற்றோடு தின்னட்டும். தில்லையம்மாளிடமும் மற்றவர்களிடமும் நீயே எடுத்துச் சொல். நான் சொன்னால் வாத்தியார் பாடம் எடுக்கிறார் என்பார்கள்.

இன்று ராத்திரி பிள்ளையைப் படுக்க வைக்கும் முன் வாய் கொப்பளிக்கச் சொல், அதன் பிறகு கதை மட்டும் கொடு.

அன்பு அண்ணன்,
அப்துல் ஹக்